ஆகாயத்துக்கு ஒரு ஜாமீன்

அதிகாலை நாலு மணிக்குச் செங்கம் சாலையில் ரமணாசிரம வாசலண்டை நின்றால் ஒரு காட்சியைக் காணலாம். மலை இருட்டோடு இருட்டாய்க் கிடக்கும். ஆசிரமத்து மயில்களில் ஒன்றிரண்டு மட்டும் விழித்துக்கொண்டு அகவும். அந்த வேளையில் சென்னை விமான நிலையத்திலிருந்து வரும் மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். கடல் கடந்து பறந்து வந்த பக்தர்கள் கண் சிவக்க இறங்கித் தங்கள் மூட்டை முடிச்சுகளைத் தேடுவார்கள். லண்டனிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 8,000 கிலோமீட்டரைப் பத்துப் பதினொரு மணி நேரத்தில் கடந்தவர்களுக்குக் கடைசி 190 கிலோமீட்டருக்கு நாலு மணி நேரம் பிடிக்கிறது!

1938-இல் ஸாமர்ஸெட் மாம் என்னும் ஆங்கில நாவலாசிரியர் ரமண மகரிஷியைக் காண வந்தபோதும் சென்னையிலிருந்து மோட்டாரில்தான் வந்தார். சாலை அகன்றிருக்கிறது, மோட்டார் மாறியிருக்கிறது, வழி மாறவில்லை.

“நம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விமானம் வந்து இறங்கினால் என்ன?” என்று கேளாதவர் இங்கே அநேகமாக இல்லை. நாமும் கேட்டதுண்டு. நிலம் கிடைத்து, ஓடுபாதை போட்டுவிட்டால் விமானம் தானே வந்துவிடும் என்று வெகு காலம் எண்ணியிருந்தோம். சென்ற மாதம் ஒரு காகிதத்தைப் படிக்க நேர்ந்தது. அதற்குப் பிறகு அந்த எண்ணம் நமக்கு இல்லை.

காகிதத்தைக் கொண்டுவந்தவர் நம் தெருக்காரர். வெளிநாட்டுப் பக்தர்களைச் சென்னையிலிருந்து தம் டாக்ஸியில் ஏற்றி வருபவர். அவருடைய மகன் நம்மிடம் பௌதிகம் படித்தவன். தகப்பனார் விமான நிலையத்தின் வெளி வாசலிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். பிள்ளையாண்டானோ உள்ளே போய் விமானத்தையே ஓட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்தான். இந்தியாவில் தொழில்முறை விமானி லைசென்ஸ் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்காகும் செலவோ அரைக் கோடி ரூபாயைத் தொடும். அடி அண்ணாமலைப் பக்கம் இருந்த நிலம் அடமானத்துக்குப் போயிற்று. லைசென்ஸும் வந்தது. இரண்டு ஆண்டு காத்திருந்தபின், சிறு பட்டணங்களுக்குப் பறக்கும் ஒரு கம்பெனியிலிருந்து உத்தியோக உத்தரவும் வந்தது. அதனுடன் பதினாலு பக்கத்தில் ஓர் ஒப்பந்தப் பத்திரம்.

“ஸார், கடைசிப் பக்கத்துலே என் கையெழுத்தும் வேணுமாம். நான் என்ன விமானமா ஓட்டப் போறேன்? கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க” என்றார்.

படித்தோம். கம்பெனி பையனுக்குத் தன் செலவில் ஏ.டி.ஆர். ரக விமானத்தை ஓட்டப் பயிற்சி கொடுக்கும். அதற்கு ஈடாக அவன் 5 ஆண்டு அங்கேயே உழைக்க வேண்டும். நடுவில் விலகினால் 25 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். அவன் கட்டத் தவறினால் ஜாமீன்தாரராகிய தகப்பனார் கட்ட வேண்டும். அதற்குத்தான் அந்தக் கையெழுத்து!

“என் பையனைக் கட்டிப் போட்டு இவங்களுக்கு என்ன ஸார் லாபம்?” என்று கேட்டார் அவர். நியாயமான கேள்வி. இதற்கு விடை சொல்ல வேண்டுமானால் விமானக் கம்பெனியின் அடுப்பங்கரைக்குள் சற்று எட்டிப் பார்க்க வேண்டும்.

லைசென்ஸ் இருந்தால் எந்த விமானத்தையும் ஓட்டலாம் என்பதில்லை. ஒவ்வொரு ரகத்துக்கும் தனிப் பயிற்சி, தனி அனுமதி. இருபுறமும் காற்றாடி சுழலும் எழுபது இருக்கை ஏ.டி.ஆர். விமானத்தை ஓட்டுகிறவர் நாளைக்கே ஏர்பஸ்ஸில் ஏறி உட்கார முடியாது. மேலும், ஒருவர் ஆண்டில் 1,000 மணி நேரத்துக்குமேல் பறக்கக் கூடாது. வார ஓய்வு வேறு கட்டாயம். ஆகையால் ஒரு விமானம் நாள் முழுதும் ஓயாமல் பறக்க வேண்டுமானால் ஐந்தாறு ஜோடி விமானிகள் தேவை. ஐந்து விமானம் வைத்திருக்கும் ஒரு சிறு கம்பெனியை எண்ணிப் பாருங்கள். அதில் தலைமை விமானிகள் ஏறக்குறைய 25 பேர். ஒரு மாதத்தில் ஐந்து பேர் விலகிப் போனால் ஒரு விமானம் அப்படியே தரையில் நின்றுவிடும். அதன் வாடகையோ டாலரில் ஓடிக்கொண்டே இருக்கும். பதிலுக்குத் தலைமை விமானியைச் சந்தையில் வாங்கிவிட முடியுமா? 1,500 மணி நேரம் பறந்து, மேல் லைசென்ஸ் பெற்ற பிறகுதான் ஒரு துணை விமானி அந்த நாற்காலிக்கு அருகே வர முடியும்.

அப்படி வந்தவுடனே அவரைப் பெரிய கம்பெனி அழைக்கிறது. பெரிய ஜெட் விமானம், பெரிய சம்பளம், அயல்நாட்டுப் பிரயாணம். போகாதே என்றால் யார் கேட்பார்? சிறு கம்பெனி என்பது ஆகாயத்துத் திண்ணைப் பள்ளிக்கூடம். நாமும் உபாத்தியாயர்தான், நம்மிடம் படித்தவன் எங்கோ போய் ஓங்கினால் நமக்குச் சந்தோஷமே. ஆனால் நாம் மாணவன் ஒருவனுக்கு 25 லட்சம் செலவழித்ததில்லையே!

இந்தப் போக்கைத் தடுக்கச் சர்க்காரும் ஒரு வேலி போட்டிருக்கிறது. 2017 ஆகஸ்டு மாதம் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் பிறப்பித்த விதியின்படி, விலக விரும்பும் தலைமை விமானி ஓராண்டுக்கு முன்பும், துணை விமானி ஆறு மாதத்துக்கு முன்பும் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். வேறெந்த உத்தியோகத்திலும் இத்தனை நீண்ட விடைபெறுதலை நாம் கேள்விப்பட்டதில்லை. கல்யாணம் நிச்சயித்துக் குழந்தை பெறுவதற்குள்கூட இந்த அறிவிப்புக் காலம் முடியாது! விமானிகள் கூட்டமாகத் திடீரென விலகினால் பிரயாணிகள் நடுவழியில் நிற்கிறார்கள் என்பது சர்க்கார் சொன்ன காரணம். அது பொய்யான காரணமல்ல. 2022-இல் பறக்கத் தொடங்கிய ஆகாசா ஏர் கம்பெனியில் மறு ஆண்டே 43 விமானிகள் அறிவிப்புக் காலம் முடியாமல் விலகினார்கள். நூற்றுக்கணக்கான பயணங்கள் ரத்தாயின. வழக்கு பம்பாய், டில்லி ஹைகோர்ட்டுகள்வரை போயிற்று.

ஆனால் வேலி ஒரு பக்கம்தான் இருக்கிறது என்பது நம் குறை. விமானி ஓராண்டு காத்திருக்க வேண்டும். கம்பெனி? கிங்பிஷர் கம்பெனியின் விமானிகள் மாதக்கணக்கில் சம்பளமின்றிப் பறந்ததையும், 2012 அக்டோபரில் அக்கம்பெனி நின்றே போனதையும் நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இனி நம் ஊர்ப் பக்கத்துக்கு வருவோம். சேலம் விமான நிலையம் 1993-இல் ஏற்பட்டது. 2009-இல் அங்கே கிங்பிஷர் வந்தது, 2011-இல் போயிற்று. 2018 மார்ச்சில் ட்ரூஜெட் வந்தது. 2021-இல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில்தான் மறுபடி விமானச் சத்தம் கேட்டது. நமக்கு 105 கிலோமீட்டரில் இருக்கும் புதுச்சேரியின் கதையும் இதேதான். 2013-இல் தொடங்கிய விமானம் ஓராண்டளவில் நின்றது. 2017-இல் ஹைதராபாத்துக்கு ஒன்று தொடங்கிற்று. அதுவும் நின்றபின் 2024 டிசம்பரில் இண்டிகோவின் ஏ.டி.ஆர். வந்தது. அங்கே ஓடுபாதை 1,500 மீட்டர்தான். பெரிய ஜெட் இறங்க முடியாது. ஆகவே ஏ.டி.ஆர். விமானமும் அதை ஓட்டும் விமானியும் இருந்தால் ஊருக்கு ஆகாய வழி உண்டு, இல்லையேல் இல்லை.

இத்தகைய ஊர்களுக்காகவே மத்திய சர்க்கார் 2016 அக்டோபரில் உதான் திட்டத்தை அறிவித்தது. முதல் விமானம் 2017 ஏப்ரல் 27-ஆம் தேதி சிம்லாவிலிருந்து டில்லிக்குப் பறந்தது. ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று பாதி இருக்கைகளுக்கு அப்போது கட்டண வரம்பு வைத்தார்கள். அதனால் கம்பெனிக்கு வரும் நஷ்டத்தை மூன்று ஆண்டுவரை மத்திய, மாநில சர்க்கார்கள் ஈடு செய்யும். அந்த மூன்று ஆண்டும் அவ்வழியில் போட்டியும் கிடையாது. உயர்ந்த நோக்கம் என்பதில் சந்தேகமில்லை. பலன் எப்படி? தேசத்தின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023-இல் கணக்குப் பார்த்தார். மூன்றாம் சுற்றுவரை கொடுத்த 774 வழிகளில் 403 வழிகள் தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-இல் மூன்று ஆண்டு முழுதும் நடந்தவை 112. அதற்கப்பாலும் 2023 மார்ச்சில் நிலைத்திருந்தவை 54 மாத்திரமே.

ஓடுபாதை தயாராகவில்லை, பிரயாணிகள் போதவில்லை என்று காரணங்கள் பல உண்டு. ஆனால் உதவித்தொகை மூன்று ஆண்டு. விமானியை உருவாக்கவோ அதற்கு மேல் பிடிக்கும். அவர் தலைமை விமானியாகும் சமயத்தில் உதவித்தொகை தீர்ந்துபோகிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்தின் கூரை பிரிகிறபோது மாணவன் தேறி வெளியே வருகிறான்!

நம் தேசத்தில்தான் இப்படியோ என்று ஏங்க வேண்டாம். அமெரிக்காவில் இது இன்னும் முற்றிய சங்கதி. அங்கே பெரிய கம்பெனியின் பெயரையும் வர்ணத்தையும் பூசிக்கொண்டு, பறப்பதற்கு இவ்வளவு என்று கூலி பெற்றுப் பறக்கும் சிறு கம்பெனிகள் அநேகம். பெரிய கம்பெனியின் விமானிகள் சங்கம் சும்மா இருக்குமா? ‘எங்கள் வேலையை மலிவு விமானிகளிடம் கொடுக்காதே’ என்று தங்கள் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்துச் சேர்த்தார்கள்: சிறு கம்பெனி விமானத்தில் 76 இருக்கைக்கு மேல் கூடாது, எடையும் இத்தனைக்கு மேல் கூடாது. இந்த ஒரு ஷரத்து விமானத் தொழிற்சாலைகளையே ஆட்டிவைத்தது. பிரேஸில் தேசத்து எம்ப்ரேயர் கம்பெனி எண்ணெய்ச் செலவு குறைந்த புதிய விமானம் ஒன்றை அமைத்தது. எடை வரம்பை மீறியதால் அமெரிக்கச் சிறு கம்பெனிகள் அதை வாங்க முடியவில்லை. சங்கத்தார் மேஜையில் எழுதிய ஒரு வரி, கடலுக்கப்பால் விமானத்தின் எடையை நிர்ணயிக்கிறது!

மலிவின் விலையும் அங்கே தெரிந்தது. 2009 பிப்ரவரி 12-ஆம் தேதி இரவு கோல்கன் ஏர் என்னும் சிறு கம்பெனியின் விமானம் பபலோ நகரருகே வீழ்ந்து 50 பேர் மாண்டார்கள். குறைந்த சம்பளம் வாங்கிய துணை விமானி, வேலைக்கு வருவதற்காகத் தேசத்தின் மறுகோடியிலிருந்து இரவெல்லாம் பிரயாணம் செய்து வந்தவர் என்பது விசாரணையில் தெரிந்தது. 2013 முதல் அங்கே துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேர அனுபவம் வேண்டுமென்றாயிற்று. பின்னால் கொரோனாக் காலம் முடிந்து பெரிய கம்பெனிகள் ஆள் எடுக்கத் தொடங்கியதும் சிறு கம்பெனிகளில் நாற்காலிகள் காலியாயின. 2022 மார்ச்சில் ஸ்கைவெஸ்ட் கம்பெனி, விமானிகள் போதாமையால் 29 சிற்றூர்களுக்குப் பறப்பதை நிறுத்தப் போவதாக அமெரிக்க சர்க்காருக்கு அறிவித்தது. அவையும் சர்க்கார் உதவித்தொகை பெற்ற ஊர்களே. அந்த ஆண்டே சிறு கம்பெனிகள் சம்பளத்தை வெகுவாக உயர்த்தின. வேலியால் ஆகாதது கூலியால் ஆயிற்று.

பெரிய கம்பெனிக்கு மட்டும் இந்தச் சங்கடம் இல்லையென்றும் எண்ணிவிடக் கூடாது. 2025 டிசம்பரில் நடந்ததை யாவரும் அறிவோம். விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி, இரவில் தரையிறங்குவதையும் குறைத்துப் புதிய விதிகள் வந்திருந்தன. அவற்றுக்கேற்ற ஆட்களை இண்டிகோ தயாராக வைத்திருக்கவில்லை. டிசம்பர் 5-ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணங்கள் ரத்தாயின. நம் டாக்ஸிக்காரருக்கு அந்த வாரம் உறக்கமே இல்லை. டில்லியிலும் பம்பாயிலும் சிக்கிக்கொண்ட பக்தர்களுக்காகச் சென்னைக்கும் இங்குமாக அலைந்தார். ‘விமானிக்குத் தூக்கம் கொடுத்ததால் எனக்குத் தூக்கம் போச்சு’ என்று அவர் சொன்னது வேடிக்கைப் பேச்சுத்தான். தூக்கம் விழித்த மனிதர் கையில் நூற்றெண்பது உயிர்களை ஒப்படைப்பதைவிட, பயணம் தள்ளிப்போவதே மேல் என்பது நம் அபிப்பிராயம்.

பத்திரத்துக்குத் திரும்புவோம். இது செல்லுமா என்று கேட்டார். 2025 மே மாதம் ஒரு பாங்கி வழக்கில், குறிப்பிட்ட காலம் உழைக்க வேண்டும், விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம் செல்லுமென்றே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அங்கே தொகை 2 லட்சம். இங்கே 25 லட்சம். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, பத்திரத்தில் கண்ட தொகை உச்ச வரம்பே. நியாயமான ஈடுதான் கிடைக்கும் என்கிறது. ஆனால் அதைக் கோர்ட்டில் ஏறித்தான் நிலைநாட்ட வேண்டும். அடமான நிலத்துக்கு வட்டி கட்டுகிறவர் கோர்ட்டில் ஏறுவதெப்படி?

கையெழுத்துப் போடாதே என்று நாம் சொல்லவில்லை. சொல்ல வாயும் வரவில்லை; இரண்டு ஆண்டு வேலையின்றி வீட்டில் உட்கார்ந்திருந்த பையனை நாம் பார்த்திருக்கிறோம். பயிற்சிக்குச் செலவழித்த கம்பெனி ஈடு கேட்பதிலும் தவறில்லை. மூன்று மாற்றங்களை மட்டும் கேட்கும்படி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தோம். பையன் உழைக்க உழைக்க ஆண்டுக்கு 5 லட்சமாகத் தொகை குறைந்துவர வேண்டும். இரண்டு மாதச் சம்பளம் நின்றாலோ, கம்பெனி பறப்பதை நிறுத்தினாலோ, பத்திரம் தானே ரத்தாக வேண்டும். தகப்பனாரின் ஜாமீன் வேண்டாம்.

மறுவாரம் பதில் வந்தது. முதலாவதற்குச் சம்மதம். இரண்டாவதை “மேலிடத்தின் யோசனைக்கு அனுப்பியிருக்கிறோம்.” மூன்றாவதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பயிற்சி வகுப்பு அடுத்த திங்கட்கிழமை தொடங்குகிறதாம்.

அவர் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “திங்கட்கிழமைக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்கே, ஸார்” என்றார். பிறகு மணியைப் பார்த்தார். இரவு பத்து. விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு ஜெர்மன் அம்மாள் சென்னையில் வந்து இறங்குகிறாளாம். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.