சாலை சுடும், பாதம் அறியுமா?

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். சித்திரை மாத நண்பகலில் நிழலில் காற்றின் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ் என்றால், வெயிலில் கிடக்கும் தார்ச்சாலை 60 டிகிரியையும் எட்டக்கூடும். காரணம் என்ன? கரிய தார் தன்மேல் விழும் சூரிய ஒளியில் பெரும்பகுதியை உட்கவர்ந்து வெப்பமாக மாற்றுகிறது. சுண்ணாம்பு பூசிய வெள்ளைத் தரையோ பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

சுட்டவுடன் நாம் காலை இழுத்துக்கொள்கிறோம். வலியே நம் காவலாளி. நெடுநாள் நீரிழிவு உள்ளவர்களுக்கோ பாத நரம்புகள் மரத்துப்போயிருக்கலாம். கொப்புளம் வந்தபிறகே அவர்களுக்குத் தெரியும். அந்தப் புண்ணும் எளிதில் ஆறாது. அவர்கள் வெறுங்காலுடன் நடக்கக்கூடாது என்கிறது மருத்துவம்.

ஆகவே மாணவர்களே, தாத்தா பாட்டியுடன் வலம் வந்தால், வெயில் தாழ்ந்தபின் புறப்படுங்கள். மென்மையான காலணி அணியச் சொல்லுங்கள். வீடு திரும்பியதும் அவர்களுடைய உள்ளங்காலை விளக்கொளியில் பாருங்கள்.