கணினிப் பாத்திரமேற்பு விளையாட்டு

கணினிப் பாத்திரமேற்பு விளையாட்டு என்பது, ஆடுபவர் கற்பனை உலகொன்றின் வீரராகவோ மந்திரவாதியாகவோ பாத்திரமேற்று, அனுபவப் புள்ளிகள் ஈட்டி வலிமை பெறும் விளையாட்டு வகையாகும். 1974 இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோரின் ஆக்கமாக வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் மேசை விளையாட்டு இதன் முன்னோடி. அதில் பகடை உருட்டித் தாளில் போட்ட கணக்குகளைக் கணினி ஏற்றுக்கொண்டது.

அறிமுகமான வழிகள்

இவ்வகை விளையாட்டு வெவ்வேறு வயதினரை வெவ்வேறு கருவிகளின் வழியே சென்றடைந்தது.

பல்கலைக்கழக மாணவர்: 1975 இல் அமெரிக்காவின் இலினொய் பல்கலைக்கழகத்துப் பிளேட்டோ கணினியமைப்பில் பெடிட்5 உருவானது. அவ்வமைப்பு கல்விக்கானது என்பதால் நிருவாகிகள் இதனை அழித்தனர். எனினும் இதே வகையில் வேறு விளையாட்டுகள் அங்கு எழுதப்பட்டன.

பள்ளி மாணவரும் இளைஞரும்: இல்லக் கணினிகள் பரவியபோது, 1981 இல் ஆப்பிள் II கணினிக்கு அல்டிமா, விசார்ட்ரி ஆகியவை வெளிவந்தன. அல்டிமாவை ஆக்கிய ரிச்சர்ட் காரியட், அதற்கு முன்னோடியான அகலபெத்தைப் பள்ளி மாணவராக இருந்தபோதே எழுதத் தொடங்கியவர்.

சிறுவர்: அவ்விரண்டையும் ஆடி அறிந்த யூஜி ஹோரீ, விதிகளை எளிதாக்கி, 1986 இல் சப்பானில் தொலைக்காட்சியுடன் இணைக்கும் பேமிகாம் கருவிக்கு டிராகன் குவெஸ்டை வடிவமைத்தார். மேசை விளையாட்டை அறியாதோரும் இதனை ஆட முடிந்தது. 1996 இல் கையடக்கக் கருவியான கேம் பாய்க்கு வந்த போக்கிமான், இவ்வகையை மேலும் இளைய சிறுவரிடம் கொண்டுசென்றது.