வலி தெரியாத காலில் எலும்பு முறிவு



நிழல் மரத்தில் கொப்பு வெட்டும்போது விழுந்தவர், மலைச் சரிவில் உருண்டவர் என்று முதுகு நரம்பு அடிபட்டு, கால் உணர்வில்லாமல் இருப்பவர்கள் நம் லயங்களிலும் உண்டு. படுக்கைப் புண்ணையும் சிறுநீரையும் வீட்டார் நன்றாகவே கவனிக்கிறார்கள். ஆனால் உள்ளே எலும்பு கரைவது கண்ணுக்குத் தெரியாதே!

எனக்கு இது புரிந்தது ஒரு வீட்டில். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது கணவரின் கால் கொஞ்சம் முறுகியது, அவ்வளவுதான். அவருக்கு வலியே இல்லை. இரண்டு நாள் கழித்து முழங்கால் வீங்கிச் சுட்டது. சுளுக்கு என்று எண்ணெய் தடவினார்கள். எக்ஸ்ரேயில் பார்த்தால் முழங்காலுக்கு மேலே தொடை எலும்பு முறிந்திருந்தது. "நான்தான் முறிச்சிட்டேன் ஐயா" என்று அந்த அம்மா அழுதார். அவர் மேல் ஒரு பிழையும் இல்லை.

எலும்பு கல்லைப் போல அப்படியே இருப்பதல்ல. தினமும் ஒரு பக்கம் கரையும், ஒரு பக்கம் கட்டும். காலில் பாரம் இறங்கி, தசை இழுத்தால்தான் கட்டுகிற வேலை ஒழுங்காக நடக்கும். நரம்பு அடிபட்ட பிறகு கரைவதுதான் மிஞ்சுகிறது. முதல் வருடத்தில் இது மிக வேகம். 2, 3 வருடத்துக்குள் முழங்காலைச் சுற்றிய எலும்பில் மூன்றில் ஒரு பங்கு, சிலருக்குப் பாதிகூடப் போய்விடும்.

இதை மட்டுப்படுத்த மருந்து இருக்கிறது. ஒன்று அலென்ட்ரோனேட் குளிசை, வழக்கமாக வாரத்துக்கு ஒரு தடவை 70 மில்லிகிராம். மற்றது சோலெட்ரோனிக் அசிட், வருடத்துக்கு ஒரு தடவை 5 மில்லிகிராம் நரம்பு வழியாக ஏற்றுவார்கள். இரண்டும் எலும்பைக் கரைக்கும் அணுக்களை அடக்குபவை. அடிபட்ட முதல் மாதங்களிலேயே தொடங்கினால் இடுப்பு எலும்புக்கு நல்ல பலன் உண்டு. முழங்காலுக்குப் பலன் அவ்வளவு உறுதியில்லை. கரைந்து போனதை முழுதாகத் திருப்பித் தரும் மருந்து இல்லை. ஆகவே எத்தனையோ வருடம் கழித்து நினைப்பதைவிட, ஆஸ்பத்திரியிலிருந்து துண்டு வெட்டும்போதே எலும்பைப் பற்றி டொக்டரிடம் கேளுங்கள்.

குளிசை குடிக்கும் முறையில்தான் நம்மவர்கள் தவறிவிடுகிறார்கள். விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு கோப்பை பச்சைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். தேத்தண்ணியோடு கூடாது, பாலோடும் கூடாது. (விடிந்ததும் தேத்தண்ணி இல்லாவிட்டால் நமக்குப் பொழுதே விடியாது, தெரியும்! அரை மணித்தியாலம் பொறுங்கள்.) அந்த அரை மணியும் நிமிர்ந்து உட்கார வேண்டும். படுத்தால் குளிசை உணவுக் குழாயைப் புண்ணாக்கிவிடும். நிமிர்ந்து உட்கார முடியாதவருக்கு இந்தக் குளிசை சரிவராது, அதை முன்கூட்டியே சொல்லுங்கள். ஊசி ஏற்றினால் ஓரிரு நாள் காய்ச்சலும் உடம்பு நோவும் வரலாம். சிறுநீரகம் பழுதானவர்கள், பல் பிடுங்க இருப்பவர்கள், பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் அதையும் டொக்டரிடம் சொல்லத்தான் வேண்டும்.

"கல்சியம் வாங்கிக் கொடுத்தால் போதாதா?" என்று கேட்கிறார்கள். போதாது. முதல் மாதங்களில் எலும்பிலிருந்து கரையும் கல்சியமே சிறுநீரில் இறங்கிக்கொண்டிருக்கும். மேலும் குளிசை கொடுத்தால் கல் உண்டாகலாம். சொந்தமாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். நெத்தலி, முருங்கைக்கீரை, குரக்கன், பால் வழமைபோல் சாப்பிடட்டும்.

விற்றமின் டி வேறு கதை. உடம்பு கல்சியத்தை உறிஞ்ச அது வேண்டும், அதைத் தருவது வெயில். காம்பராவுக்குள்ளேயே கிடப்பவருக்கு, அதுவும் நம் மழையிலும் பனிமூட்டத்திலும், எங்கே வெயில்? குறைவா என்று இரத்தத்தில் பார்த்து டொக்டர் குளிசை தருவார். அது தனியாக எலும்புக் கரைவை நிறுத்தாது. ஆனால் அது குறைவாக இருக்கும்போது மேலே சொன்ன மருந்துகளைக் கொடுத்தால் இரத்தத்தில் கல்சியம் இறங்கி ஆபத்தாகலாம். வாசலில் வெயிலில் வைப்பதென்றால் உணர்வில்லாத தோல் வெந்துவிடாமல் பாருங்கள்.

கால் திடீரென வீங்கினால், சிவந்தால், சுட்டால், அல்லது இழுப்பு அதிகமானால் எண்ணெய் போடவோ உருவவோ வேண்டாம். முறிவாக இருக்கலாம், இரத்தக் கட்டியாகவும் இருக்கலாம். கழுத்துப் பக்கம் அடிபட்டவருக்கு அதோடு தலையிடியும் வியர்வையும் வந்தால் இன்னும் அவசரம். பலகையோ தலையணையோ வைத்து காலை அசையாமல் கட்டி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். வாகனம் இல்லையென்றால் இரவானாலும் வந்து என் கதவைத் தட்டுங்கள், கிளினிக் புத்தகத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டு.