வட்டக் கணக்கும் சொற்பிரிப்பும்

பழைய கணக்கு நூல்களை மொழிபெயர்ப்போர்க்குக் கணித அறிவோடு புணர்ச்சி இலக்கண அறிவும் இன்றியமையாதது. காரி நாயனாரின் கணக்கதிகாரம் கூறும் வட்டப் பரப்பு விதி இதற்குத் தக்க சான்றாகும். சுற்றளவின் பாதியை விட்டத்தின் பாதியால் பெருக்கினால் பரப்பு கிடைக்கும் என்பது அவ்விதி.

தமிழ் மரபில் சுற்றளவு காணும் முறையும் எளியது. விட்டத்தை ஏழு கூறாக்கி, அவ்வேழுடன் மேலும் நான்கு கூறு சேர்த்து இரட்டிக்க வேண்டும். விட்டம் 14 எனில் ஒரு கூறு 2. பதினொரு கூறு 22. இரட்டித்தால் சுற்றளவு 44. இதன் பாதி 22. விட்டத்தின் பாதி 7. பெருக்கினால் பரப்பு 154. இது 22/7 என்னும் தோராய மதிப்பின்வழி அமைந்த கணக்காகும்.

பரப்பு விதியில் பயிலும் ‘வட்டத்தரை’ என்னும் சொல் இருவகைப் பிரிப்புக்கு இடந்தருகிறது. வட்டம் என்பது அத்துச் சாரியை பெற்று, ‘வட்டத்து + அரை’ எனப் பிரியின் ‘வட்டத்தின் பாதி’ என்பது பொருள். ‘வட்டம் + தரை’ எனப் பிரிப்பினும் மகரம் கெட்டு, வல்லினம் மிக்கு, அதே வடிவமே தோன்றும். ‘விட்டத்தரை’ என்பதற்கும் இஃது ஒக்கும். இலக்கணம் இரண்டையும் ஏற்கிறது; கணக்கு முன்னதை மட்டுமே ஏற்கிறது.

சரியாகப் பிரித்தாலும் மயக்கம் முற்றும் நீங்குவதில்லை. இங்கு ‘வட்டம்’ என்பது உருவத்தையன்றிச் சுற்றளவையே குறிக்கிறது. அதனை வட்டப் பரப்பு எனக் கொண்டால், பாதிப் பரப்பாகிய 77ஐ 7ஆல் பெருக்கி 539 என்னும் பிழையான விடையே எஞ்சும். ‘குழி’ என்பது பள்ளமன்று; பரப்பின் அலகு. ‘தாக்குதல்’ என்பது பெருக்குதல். கி.பி. 499இல் இதே விதியைக் கூறிய ஆரியபட்டரும் ‘அடித்தல்’ என்னும் பொருளுடைய வடமொழி வினையடியையே பெருக்கலுக்கு ஆண்டுள்ளார். இரு மொழிகளின் கலைச்சொல்லாக்கமும் இங்கு ஒத்துச் செல்வது நோக்கத்தக்கது.

ஆகவே, அகராதிப் பொருளை மட்டும் நம்பி இத்தகைய தொடர்களைப் பெயர்த்தல் பொருந்தாது. கொண்ட பொருளை ஓர் எடுத்துக்காட்டு எண்ணால் கணக்கிட்டுச் சரிபார்த்தல் வேண்டும். விடை பொருந்தாவிடில், பிரிப்பையோ பொருளையோ மீண்டும் ஆராய்தலே முறையாகும்.