தண்டவாளம் மறைந்த வழியிலே

தம்பினுக்கும் மலாக்கா நகருக்கும் இடையே ஒரு காலத்தில் கிளை இரயில் பாதை இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அதன் தண்டவாளங்களைப் பெயர்த்து, சயாம்-பர்மா பாதைக்குக் கொண்டு சென்றனர். 1942-43-இல் அமைக்கப்பட்ட, சுமார் 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில், தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் மாண்டனர். போருக்குப் பின் மலாக்காக் கிளைப் பாதை மீண்டும் அமைக்கப்படவில்லை.

சரளைக்கல், செம்மண் சாலைகளுக்கென அகன்ற டயர் பொருத்திய சைக்கிள்கள் இன்று பல நாடுகளில் பரவியுள்ளன. அவற்றை ஓட்டுவோர் கைவிடப்பட்ட இரயில் பாதைகளைப் பெரிதும் விரும்புகின்றனர். இரயில் செங்குத்தான மேட்டில் ஏற இயலாது; ஆதலால் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் பாதையின் சரிவைக் குறைத்திருப்பர்.

பால்மரக் காட்டுச் சாலைகளில் ஏற்ற இறக்கம் மிகுதி. டயரில் காற்றைச் சற்றே குறைத்தால் பிடிப்பு மிகும். சரிவில் இறங்கும்போது முன் பிரேக்கை மட்டும் திடீரென அழுத்தலாகாது. இரண்டையும் மெல்ல அழுத்துக. தலைக்கவசமும் குடிநீரும், தோட்ட நிர்வாகத்தின் அனுமதியும் அவசியம்.

பூலாவ் செபாங்கிலிருந்து மலாக்கா நோக்கிச் சைக்கிளில் செல்லும் இளைஞர்கள், தம் குடும்பத்தில் சயாமுக்குச் சென்றவர் யார் என மூத்தோரிடம் கேட்டறிவது நன்று. பெயர்க்கப்பட்ட அத்தண்டவாளங்களின் வரலாறு, நம் வீடுகளின் வரலாறுமாகும்.