குறை வேறு, நோய் வேறு

டில்லியில் நெடுநாளாகக் குடியிருக்கும் நம்மவர் குடும்பம் ஒன்று. அவ்வீட்டு மூத்த மகனுக்கு வயது 32. பிறந்தது முதலே அறிவு வளர்ச்சி குன்றியவர். பேச்சும் சில சொற்களே. ஆயினும் மாலைதோறும் காபிக்கு டிக்காஷன் இறக்குவது அவர் பொறுப்பு. ஒருநாளும் அதில் தவறியதில்லை. தங்கை மணமாகி மும்பை சென்ற சில வாரங்களில் அவர் நிலை மாறிற்று. உணவை ஒதுக்கினார், இரவெல்லாம் உறங்காது உலவினார், தலையைச் சுவரில் மோதிக்கொள்ளவும் தலைப்பட்டார். "அவன் எப்போதுமே அப்படித்தானே!" என்றனர் உற்றார். அறையில் அடைத்துவைக்க யோசனை கூறியவரும் உண்டு.

மருத்துவமனையில், தமிழறிந்த கேரளத்துச் செவிலியர் ஒருவர் தாயாரை அணுகி, "அம்மா, இதற்கு முன் இவர் எப்படி இருந்தார்?" என்று கேட்டார். தாயார் காபிக் கதையைச் சொன்னார். "அந்த வேலையை எப்போது விட்டார்?" என்பது அடுத்த வினா. பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் எதுவும் இல்லையென்று முதலில் உறுதி செய்துகொண்டார்கள். பின்னரே, அவரைப் பற்றியிருப்பது மனச்சோர்வு நோய் என்று மருத்துவர் கண்டார். சிகிச்சை தொடங்கிற்று, தங்கையும் நாள்தோறும் தொலைபேசியில் முகம் காட்டிப் பேசினாள். சில மாதங்களில் டிக்காஷன் மீண்டும் அவர் கையால் இறங்கிற்று.

அறிவுத்திறன் குறைபாடு என்பது வளர்ச்சியில் நேர்வது. வாழ்நாள் முழுதும் உடனிருப்பது. மனநோயோ இடையில் வருவது, சிகிச்சையால் தணியக்கூடியது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் முன்னதை மனநோயாகக் கொள்ளவில்லை. ஆனால் இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருத்தல் கூடும். குறைபாடு உடையவரை மனநோய் பற்றுவது பிறரைக் காட்டிலும் மிகுதி என்பது ஆராய்ச்சியாளர் கண்ட உண்மை. எனினும் புதிதாகத் தோன்றும் துன்பத்தையெல்லாம் பழைய குறையின் கணக்கில் எழுதிவிடுகிறோம். குறையின் நிழல் நோயை மறைத்துவிடுகிறது. இத்தவற்றை 1982-இல் ஸ்டீவன் ரைஸ் முதலிய அமெரிக்க அறிஞர்கள் ஆராய்ந்து அதற்கொரு பெயரும் சூட்டினர்.

இந்நிழலை விலக்குவதே செவிலியர் பணியின் முதற்படி. "எனக்கு வாழ்வே வெறுத்துவிட்டது" என்று சொல்ல இயலாதவர், உணவை ஒதுக்கியும் கையை ஓங்கியும் அதனைச் சொல்கிறார். ஆகவே நல்ல செவிலியர் சினத்தைக் கண்டதும் அடக்க முற்படுவதில்லை. அதன் முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றைக் குறித்துக்கொள்கிறார். ஒரு நேரத்தில் ஒரே சொற்றொடரைச் சொல்லி, விடைக்குக் காத்திருக்கிறார். படங்களைக் காட்டிப் பேசுகிறார். உணவு, குளியல், உறக்கம் ஆகியவற்றை நாள்தோறும் ஒரே வேளையில் அமைக்கிறார். டவுன் நோய்க்குறி உடையவர் சோர்ந்திருந்தால் தைராய்டுக் குறைவையும் ஐயுறுகிறார். அவர்களிடம் அது மிகுதியாகக் காணப்படுவது.

மருந்திலும் விழிப்பு வேண்டும். இவர்களுக்குச் சிறிய அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவதே முறை. கை நடுக்கம், மிகு தூக்கம், மலச்சிக்கல், உடற்பருமன் ஆகியவை தோன்றினால் அவர்கள் தாமே வந்து முறையிடார். பார்ப்பவரே அறிய வேண்டும். வலிப்பும் உடையவராயின் அதனை மருத்துவரிடம் மறவாமல் கூறுக. சில மனநோய் மருந்துகள் வலிப்பைத் தூண்டுவன.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இன்னுமொரு இடர் உண்டு. நம் பிள்ளை அறிந்த சில சொற்களும் தமிழ். செவிலியர் பேசுவதோ இந்தியோ வங்காளியோ மராத்தியோ. வயிற்றுவலிக்கு அவன் சொல்லும் மழலைச்சொல் தாய் ஒருத்திக்கே தெரியும். அத்தாய் நோயுற்றால் யார் எடுத்துரைப்பார்? ஆகவே இன்றே ஒரு குறிப்பேடு எழுதத் தொடங்குங்கள். அவன் உண்பது, உறங்குவது, விரும்புவது, அஞ்சுவது, வலியை உணர்த்தும் விதம், மருந்தின் பெயரும் அளவும், இவை போதும். தமிழில் ஒரு பக்கம், அவ்வூர் மொழியில் ஒரு பக்கம். மருத்துவமனைக்குச் செல்லும்போது அதுவே முதலில் செல்லட்டும்.

அவசரத்தில் கலந்து பேச, 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற மைய அரசின் டெலி மானஸ் தொலைபேசிச் சேவை உண்டு. எண் 14416, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். மனநோய்க்குச் சிகிச்சை பெறுவோரைச் சங்கிலியால் பிணைத்தலை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அறவே விலக்கியிருக்கிறது என்பதையும் உற்றார்க்கு எடுத்துரையுங்கள்.

"அவன் அப்படித்தானே" என்ற சொல் நம் வீடுகளிலிருந்து நீங்கட்டும். "நேற்றுவரை இப்படி இல்லையே, இன்று ஏன்?" என்று கேட்கும் வழக்கம் அவ்விடத்தில் அமையட்டும். சிகிச்சை அங்கேதான் தொடங்குகிறது.