குழந்தை எத்தனை முறை சொல்ல வேண்டும்?

2011 கணக்கெடுப்பின்போது அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இருந்தவர்கள் 3,80,581 பேர். அதில் நிக்கோபார் மாவட்டத்தில் வெறும் 36,842. அங்கே சதுர கிலோமீட்டருக்கு 20 பேர். கப்பல் ஜெட்டியைத் தொட்டதும் யார் இறங்கினார்கள், யார் மெயின்லேண்டுக்குக் கிளம்பினார்கள் என்பது பொழுது சாய்வதற்குள் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிடுகிற இடங்கள் இவை. பாலியல் கொடுமைக்கு ஆளான ஒரு குழந்தைக்கு இந்த நெருக்கம் என்ன செய்யும்?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கையில், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 4, 6 பிரிவுகளில் பதிவான வழக்குகளில் நூற்றுக்கு 96க்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர். தெரிந்தவர் என்றால் அந்தக் குழந்தை தினமும் 'மாமா' என்றோ 'சார்' என்றோ கூப்பிடுகிறவர். ஃபிங்கெல்ஹார், பிரவுன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1985இல் இந்தக் காயத்தின் வேர்கள் நான்கு என்றார்கள்: வயதுக்கு மீறிப் பாலுணர்வு திணிக்கப்படுவது, நம்பியவரின் துரோகம், கையறு நிலை, அழுக்காகிவிட்டோம் என்ற கூச்சம். நான்கில் துரோகத்தைத்தான் நான் முதலில் வைப்பேன். அந்நியர் என்றால் ஒதுங்கிப் போகலாம். ஒரே ஜெட்டி, ஒரே பள்ளி உள்ள தீவில் அந்த மாமாவை விட்டு எங்கே ஒதுங்குவது?

2007இல் வெளிவந்த ஆய்வுக்காக மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டது. 53.22 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகைப் பாலியல் கொடுமையைச் சொன்னார்கள். பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த 13இல் தமிழ்நாடும் இல்லை, அந்தமானும் இல்லை. அதற்கு ஓராண்டு முன்பு வெளிவந்த ஆய்வுக்காகச் சென்னையில் துளிர் அமைப்பு 2,211 பள்ளிக் குழந்தைகளிடம் கேட்டபோது 42 விழுக்காடு. பெண்பிள்ளைகளில் 39, ஆண்பிள்ளைகளில் 48. "ஆம்பளப் பிள்ளைக்கு என்ன ஆயிடும்" என்று பேசுகிற வீடுகள் அந்த 48ஐ ஒருமுறை உரக்கப் படிக்க வேண்டும்.

நம்பிக்கை தரும் கணக்கும் உண்டு. 1993இல் கொடுமைக்கு ஆளான குழந்தைகள் பற்றிய 45 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு குழந்தையிடம் பாதிப்பின் அறிகுறி எதுவும் தென்படவில்லை. மூன்றில் இரண்டு பங்கினர் முதல் 12-18 மாதங்களுக்குள் தேறி வந்தார்கள். பாதிப்பைக் கூட்டியவை கொடுமை நீடித்த காலம், பலவந்தம், செய்தவர் எவ்வளவு நெருங்கியவர் என்பது. அவற்றோடு, தாய் துணை நிற்காமல் போனது.

இப்போது அந்தக் குழந்தை சொல்ல வேண்டிய முறைகளை எண்ணுவோம். அம்மாவிடம் 1, போலீஸிடம் 2, மருத்துவரிடம் 3, மாஜிஸ்திரேட்டிடம் 4, நீதிமன்றத்தில் 5. போலீஸார் சீருடை இல்லாமல் வந்து குழந்தையிடம் கேட்க வேண்டும் என்கிறது போக்சோ 24ஆம் பிரிவு. வழக்கை நீதிமன்றம் ஏற்றதிலிருந்து 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியம், கூடியவரை ஓராண்டுக்குள் விசாரணை என்கிறது 35ஆம் பிரிவு. தீவுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு, மொழி. தமிழ், வங்காளம், தெலுங்கு, நிக்கோபாரி பேசும் பிள்ளைகள் பலர், அலுவலகங்களில் ஓடுவதோ இந்தி. "கீழ தொட்டாங்க" என்பதைச் சொல்லவே நாக்கு எழாத ஒரு பிள்ளை அதை இன்னொரு மொழியில் எப்படிச் சொல்லும்? மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறது. அவரும் அதே தெருக்காரராக இருந்தால் பிள்ளை வாயே திறக்காது; வெளியூர்க்காரர் ஒருவரை அழைத்து வருவதுதான் நியாயம்.

ஐந்து முறைகளில் காசே செலவாகாதது முதல் முறை. தோசை திருப்பிக்கொண்டிருக்கும் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "நான் இனிமே மாமா வீட்டுக்கு டியூஷன் போகல" என்கிறது பிள்ளை. அவ்வளவுதான் சொல்லும்; மீதி அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் வரும். அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, "சொல்லு, அம்மா கேக்குறேன்" என்று காத்திருக்க வேண்டும். ஏன் அப்பவே சொல்லலை என்று கேட்டுவிடக் கூடாது. பிறகு குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைக்க வேண்டும்.